துணி அலசிய தண்ணீர்

1991-ஆம் வருடம். தாவரவியலில் பட்டம் வாங்கிய கையோடு, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஒரு பாசிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாசி என்றால் குளத்துப் படியில் வழுக்குமே, அது இல்லை. சுருள்பாசி, ஸ்பைருலினா என்பார்களே, அது. நான்கு சிமென்ட் தொட்டிகளில், சோடா உப்பு கலந்த தண்ணீரில் வளர்ப்போம். துணியில் வடிகட்டிக் காயவைத்து, பொடியாக்கி, மாத்திரை செய்கிறவர்களுக்கு அனுப்புவோம். முதலாளி சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து வருவார். ஒரு காலத்தில் பாசியிலிருந்து எண்ணெய் எடுத்து லாரியே ஓட்டுவார்கள் என்பார். நாங்கள் தலையாட்டுவோம்.

நான் குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். தொட்டியைக் கலக்கவும் வடிகட்டவும் உள்ளூர்ப் பெண்கள் ஆறு பேர். நான் எந்நேரமும் நோட்டும் கையுமாக இருந்ததால் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு என் வயதுதான். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. இடுப்பில் எப்போதும் கைக்குழந்தை. நான் எதை எவ்வளவு அளந்து போடுகிறேன் என்று கவனித்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அது ஏனோ எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் அவள் தூக்குச்சட்டியில் பச்சைத் தண்ணீர் கொண்டுபோவதைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை முதலாளியிடம், அவள் பாசி திருடுகிறாள் என்று சொன்னேன். அவர் எல்லோர் முன்னாலும் அவளை இனி வரவேண்டாம் என்றார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தொட்டிகளுக்கு மேலே கட்டியிருந்த ஷீட் கிழிந்து மழை நேராக உள்ளே விழுந்தது. வயல் தண்ணீரும் ஏறி வந்து தொட்டிக்குள் புகுந்தது. நான்கு நாள் கழித்துப் போனபோது நான்கு தொட்டியும் வெளுத்து, நாற்றமடித்தன. புதிதாகப் பெருக்க விதைப்பாசியாகத் தனியே வைத்திருந்த பாட்டில்களாவது இருக்கும் என்று ஓடினேன். கரண்ட் இல்லாமல் காற்று பம்பு நின்றுபோய், அவையும் அழுகியிருந்தன. கரண்ட் போனால் கையால் குலுக்கிவிட வேண்டும். அது எனக்குத் தெரியும். மழைக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

முதலாளிக்குப் போன் செய்தேன். வெளியிலிருந்து விதை வாங்கிப் பெருக்கி எடுக்க மாதக்கணக்காகும், அதுவரை பண்ணையை மூடிவிடலாம், பெண்களை அனுப்பிவிடு என்றார். நான் சொன்னதும் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்:

"அவ வூட்ல பாசி கீது டீச்சர்."

அந்த வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். கூரை இறவாணத்துக்கு அடியில் பாதியாக வெட்டிய டிரம், மேலே தகரம், தகரம் பறக்காமல் இருக்க ஒரு கல். தகரத்தை நகர்த்திக் காட்டினாள். உள்ளே கரும்பச்சையாகப் பாசி. எங்கள் தொட்டிகளில்கூட அவ்வளவு அடர்த்தியாக நான் பார்த்ததில்லை. ஆப்ப சோடா, கல்லுப்பு, கொஞ்சம் யூரியா. என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாளாம். கோழிகளுக்கு வைக்கிறாளாம். முட்டையின் கரு நல்ல ஆரஞ்சு நிறத்தில் வருவதால் டீக்கடைக்காரர் தேடி வந்து வாங்குகிறாராம்.

எங்கிருந்து எடுத்தாய் என்று அப்போதுதான் கேட்டேன்.

"வடிகட்டுன துணிய அலசிட்டு அந்தத் தண்ணிய கால்வாய்ல ஊத்துவோமே, அதான் டீச்சர். தொட்டில நான் கை வெக்கல. அன்னிக்கே என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நான் கேட்பதற்கு முன்பே அவள் இரண்டு குடங்களை எடுத்துவந்து நிரப்ப ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதே என்றாள். முதலாளியிடம் பேசி வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் குனிந்தபடியே சொன்னாள்:

"வேல இருக்கட்டும். அந்தப் பொம்பளைங்க எதிர்ல சொல்லுங்க, நான் திருடலன்னு. ஞாயித்துக்கெழம கோயில்ல என் பக்கத்துல யாரும் ஒக்கார்றதில்ல."

மறுநாள் முதலாளி வந்தார்; அவளையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் முன்னாலும், ஐந்து பெண்கள் முன்னாலும் சொன்னேன். இவள் திருடவில்லை, விசாரிக்காமல் புகார் சொன்னது என் தப்பு, பாட்டில் அழுகியதும் என்னால்தான். முதலாளி அவளைப் பார்த்து, திங்கட்கிழமை வந்துவிடு என்றார். அப்போது ஒரு பெண் எழுந்து வந்து அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள். குழந்தையைக் கொடுத்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு குடம் பாசியை முதலில் ஒரு அண்டாவில் பெருக்கினோம். பிறகு சின்னத் தொட்டி, பிறகு பெரிய தொட்டி. மார்கழி பிறப்பதற்குள் ஒரு தொட்டி பழையபடி பச்சையாகிவிட்டது. அவளும் நானும் அதற்குப் பிறகு சிநேகிதிகளாகிவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. வேலை விஷயம் தவிர அவள் என்னிடம் அதிகம் பேசியதில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

அதன்பின் பல இடங்களில் வேலை பார்த்தேன், மற்றவர்கள்மேல் புகார் எழுதவேண்டிய பொறுப்பும் வந்தது. ஒவ்வொரு முறையும் பேனாவை எடுக்கும் முன் எழுந்து போய் அந்த ஆளிடமே கேட்டுவிடுகிறேன். பாதி நேரம் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.