இரண்டாவது பிரேக்

பிரேக்கக்காவிடம் கார் ஓட்டப் படித்தவர்களைக் கைகோத்து வரிசையாக நிறுத்தினால், நிலா வரைக்கும் போய் அங்கே ஒரு வளைவு எடுத்துத் திரும்பி வரலாம். இது கொஞ்சம் கூடுதல்தான். நிலாவை விட்டுவிடுவோம். கடைத்தெரு சிக்னல் வரைக்கும் வரிசை வரும். அதில் ஒரு சொட்டும் பொய்யில்லை.

அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், சொல்லிக் கொடுப்பவர் காலடியில் இன்னொன்று இருக்கும். இரண்டாவதை மிதித்தால் முதலாவதும் சேர்ந்து இறங்கும். படிக்க வருகிறவர்கள் பதற்றத்தில் எதையாவது மிதிப்பார்கள், அல்லது எதையுமே மிதிக்க மாட்டார்கள். அவளோ ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, நாத்தனார் வீட்டு வம்பைச் சொல்லிக்கொண்டே வருவாள். நாய் குறுக்கே ஓடும். வம்பு நிற்காது, கார் நின்றிருக்கும். அவள் கண் அசந்தாலும் கால் அசராது என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

உடம்பு மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இளம் வயதிலேயே பூசினாற்போல் இருந்தவள். இரண்டு பிரசவம், அதன்பின் நாள் முழுக்க உட்கார்ந்தே கழியும் தொழில். பட்டினி கிடந்து பார்த்தாள், வெறும் காயாகக் கடித்துப் பார்த்தாள், விடிந்தும் விடியாமலும் நடந்து பார்த்தாள். போன எடை, போன இடத்திலிருந்து சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பின்னாலேயே சர்க்கரை வந்தது, முழங்கால் வலி வந்தது, தூக்கத்தில் மூச்சு முட்டுவதும் வந்தது. யாராவது எதையாவது சொல்வதற்குள் அவளே முந்திக்கொள்வாள்: “என் பக்கம் ஏர்பேக் எதுக்கு? நானே போதாதா?” காரில் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், சீட்டை இன்னும் ஒரு பல் பின்னால் தள்ளிக்கொண்டே.

அப்படித் தள்ளித் தள்ளித்தான் பிரேக்குக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. உள்ளங்கால் போய்க் கால்விரல் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஒரு பள்ளிக்கூடத்தையே பார்வையால் அடக்கியவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் கை ஈரமாகிவிடும். சந்துமுனையில் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு சைக்கிள் வெளியே வந்தது. டீச்சர் உறைந்துபோனார். அக்காவின் கால் போனது. விரல் நுனி பெடலில் பட்டது, வழுக்கியது. சைக்கிள்காரர் வண்டியோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். கார் நடைபாதை மேல் ஏறி, குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு முட்டைகூட உடையவில்லை. டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

“ஏம்மா, உன் பக்கமும் ஒரு பிரேக் இருக்குன்னு சொல்லித்தானே என்னை இதுல உக்கார வச்ச?”

அக்கா இறங்கிப் போய், சாய்ந்திருந்த குப்பைத்தொட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அவள் காரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, முடிவையும் கொண்டுவந்தாள். இனி கால் நம்பிக்கைக்கு உரியதாகும்வரை யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சர்க்கரை டாக்டர் முன்பே ஒருமுறை இரைப்பை அறுவை பற்றிச் சொன்னபோது சிரித்து மழுப்பியிருந்தாள். இப்போது அவளே போய்க் கேட்டு, அறுவை செய்யும் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா ஒரு தாளில் பை போல ஒன்றை வரைந்தார். அதில் பெரும்பகுதியை அடித்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்கு மீதி வைத்தார். “இவ்வளவுதான் இருக்கும். பசியும் குறையும். ஆனா இது மந்திரம் இல்லம்மா. தையல்ல கசிவு, ரத்தம் கட்டறது, இதெல்லாம் அபூர்வமா வரலாம். சத்து மாத்திரை ஆயுசுக்கும் சாப்பிடணும். நான் கதவைத் திறந்து விடுவேன், நடக்கறது நீங்கதான்.”

“கதவு எவ்வளவு அகலம் டாக்டர்?” என்றாள் அவள். டாக்டரம்மா சிரித்தது, அவளுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது போல இருந்தது.

வீட்டில்தான் கதவு இறுகியது. அவள் கணவர் கார் மெக்கானிக். வீட்டின் பின்பக்கமே பட்டறை. விஷயத்தைக் கேட்டதும் ஒரே ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் ஒரு நட்டைக் கழட்டினாலும் பழையபடி மாட்டித்தான் குடுப்பேன். இவங்க கழட்டினதை மாட்டவே மாட்டாங்களாமே!”

“மாட்டறதுக்கு இல்லைங்க, கழட்டறதுக்குத்தான் போறேன்.”

“எனக்கு நீ இப்படியே போதும்.”

“உங்களுக்குப் போதும். பிரேக்குக்குப் போதலையே.”

ஸ்பானர் நின்றது. அதற்குள் நாத்தனார் தலையை நீட்டினாள். “அண்ணி, வாயைக் கொஞ்சம் கட்டினா போதாதா? அதுக்கு எதுக்குக் கத்தி?”

“உங்க அண்ணன் என் வாயைக் கட்ட எத்தனை வருஷமா பாக்கறார்? முடிஞ்சுதா?” என்றாள் பிரேக்கக்கா. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்றிரவு படுக்கையில் அவர் மெதுவாகச் சொன்னார்: “உள்ள போற வரைக்கும் நான் கையைப் பிடிச்சுக்கறேன். அதுக்கு மேல விட மாட்டாங்களாம், கேட்டுட்டேன்.”

விசாரித்தே வைத்திருந்தார், கள்ளன்.

அறுவைக்கு முன்பே சோதனை மேல் சோதனை. கல்லீரல் சுருங்க வேண்டும் என்று கஞ்சத்தனமான சாப்பாடு. மனநல ஆலோசகர் ஒருவர், “சோகத்துல சாப்பிடுவீங்களா?” என்று கேட்டதற்கு, “சந்தோஷத்துலயும்தான், பாரபட்சம் கிடையாது” என்றாள். பிறகு குப்பைத்தொட்டிக் கதையை முழுதாகச் சொன்னாள். சிரிக்காமல் அவள் சொன்ன முதல் கதை அதுதான்.

வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு வேலையை முடித்துவிட்டார்கள். கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள் வலித்தது. “ஆபரேஷனுக்காக உள்ளே அடைச்ச காத்து, அது போகணும். எழுந்து நடங்க” என்றார் நர்ஸ். அன்றைக்கே நடக்க வைத்தார்கள். சலைன் தாங்கியை ஒரு கையால் உருட்டிக்கொண்டு வராந்தாவில் போனவள், எதிரே வந்த வீல்சேரைப் பார்த்து, “இடது பக்கம் ஒதுங்குங்க, இண்டிகேட்டர் போடுங்க” என்று அதிகாரம் செய்தாள். பிழைத்துக்கொள்வாள் என்று கணவருக்கு அப்போதுதான் உறுதியானது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. தண்ணீரைச் சின்ன மூடியில் ஊற்றி, சொட்டுச் சொட்டாகக் குடிக்க வேண்டும். பிறகு வடிகட்டிய சூப். அதற்கும் பிறகு குழைத்த பருப்பும் மசித்த முட்டையும். ஒருநாள் அவசரத்தில் இரண்டு வாய் சேர்த்து விழுங்கிவிட்டாள்; நெஞ்சில் கல் மாட்டினாற்போல் வலித்து, எல்லாம் வெளியே வந்தது. கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். அவர் கரண்டியைக் கழுவிக் கொண்டுவந்தார்.

“புது எஞ்சினை வாங்கின உடனே விரட்டுவாங்களா? கொஞ்ச நாள் மெதுவா ஓட்டித்தானே பழக்கணும்?”

“என்னை எஞ்சின்னு சொல்றீங்களா?”

“நான் மரியாதையாப் பேசறது எஞ்சின்கிட்ட மட்டும்தான்.”

அழுகை நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுத்தது. அதற்கும் அவரைத்தான் திட்டினாள்.

சட்டைகள் தொளதொளத்தன. சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கினார்கள். தூக்கத்தில் மூச்சு சீரானது. பிறகு, எல்லாம் நன்றாகப் போகிறது என்று தோன்றிய சமயத்தில், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எடை முள்ளும் ஒரே இடத்தில் பிடிவாதம் பிடித்தது. இரண்டும் நடக்கக்கூடியவைதான், முடி திரும்ப முளைக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். சீப்பைப் பார்க்கிறவளுக்கு அது ஆறுதலா? “வயித்தைக் குடுத்தேன், முடியைக் குடுத்தேன். இந்த முள்ளுக்கு இன்னும் என்ன வேணுமாம்?” என்று பொருமினாள்.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்ட அந்த வாரமே தலைமையாசிரியை வந்து நின்றார். வேறு பயிற்சிக்கு அவர் போகவே இல்லை. “இன்னொருத்தர்கிட்ட போய் முதல்லேர்ந்து அசடு வழியணுமா?” என்றார்.

இருவரும் காரில் ஏறினார்கள். டீச்சர் நெற்றியைச் சுருக்கினார்.

“ஏம்மா, கார் என் பக்கம் சாயுதே?”

“இருக்காது டீச்சர்.”

“சாயுது. நான் உன் எடையில பாதிகூட இல்ல, என் பக்கம் எப்படிச் சாயும்? இறங்கிப் பாரு.”

இறங்கிப் பார்த்தாள். சாய்ந்துதான் இருந்தது. பட்டறையிலிருந்து கணவரைக் கூப்பிட்டாள். அவர் வந்தார், காரைப் பார்த்தார், பின்கழுத்தைச் சொறிந்தார்.

“அது வந்து... உன் பக்கத்து ஸ்பிரிங்கை நான் கொஞ்சம் கெட்டியானதா மாத்தி வச்சிருந்தேன். ரொம்ப நாளாவே. வண்டி நேரா நிக்கணும்ல.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சொன்னா நீ வண்டியில ஏறுவியா?”

அவள் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எடை மெஷின் சொல்ல மறுத்ததைக் கார் தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தது. காரின் முதுகில் கைவைத்துச் சாய்ந்து, மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். டீச்சர் மட்டும் கறாராக, “ஸ்பிரிங்கை மாத்துங்க, அப்புறம் சிரிக்கலாம்” என்றார்.

ஸ்பிரிங் மாறியது. இத்தனை நாள் அசையாமல் துருப்பிடித்துக் கிடந்த சீட்டுத் தடத்துக்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, சீட்டை முன்னால் கொண்டுவந்தார்கள். அவள் உள்ளங்கால் பெடலில் முழுதாகப் படிந்தது. ஆனாலும் கால் மேல் இருந்த நம்பிக்கை படியவில்லை. முதல் சில நாட்கள் பெடலை முறைத்துக்கொண்டே வந்தாள். வம்பு இல்லை, வாய் இல்லை.

“நீ பேசாம வர்றதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார் டீச்சர். “ஏதாவது சொல்லேன். உன் நாத்தனார் எப்படி இருக்கா?”

கேட்டது தப்பா? அணை உடைந்தது. நாத்தனார் புதுச் சோபாவுக்காகக் கடைக்காரனோடு போட்ட சண்டையின் உச்சகட்டத்தை நெருங்கும்போது, ஓரமாக நின்ற வேன் ஒன்றின் கதவு படாரென்று நடுத்தெருவுக்குத் திறந்தது. கார் நின்றது. கதவுக்கும் காருக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் போகலாம். வேன்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பிரேக்கக்கா தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது பெடலை அடிவரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பட்டறை வாசலில் எல்லோருக்கும் டீ. அவள் கையில் மட்டும் குட்டி டம்ளர். ஒரு மிடறு, ஒரு வாக்கியம் என்று கதை நடந்தது. வேன் லாரியாகியிருந்தது. கதவு காற்றில் பறந்துகொண்டிருந்தது.

“சோபாக் கடையில இருந்தேன் நான். என் கால் அங்க இல்ல, ரோட்டுல இருந்துச்சு! மிதிச்சேன் பாருங்க ஒரு மிதி, கார் ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு. டீச்சரைக் கேளுங்க.”

நாத்தனார் வாய் பிளந்தாள். கணவர் டீயை மறந்துவிட்டுத் தன் மனைவியின் காலைப் பெருமையாகப் பார்த்தார். எல்லோரும் டீச்சர் பக்கம் திரும்பினார்கள்.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“லாரி இல்ல, வேன். முதல்ல மிதிச்சது நான். பாதி அழுத்தினப்ப என் காலுக்கடியில பெடல் தானா மிச்ச தூரமும் இறங்கிச்சு. அது மட்டும் இவ.”