ஷிப்டுக்குப் போனவன் சாகமாட்டான்

இசக்கியப்பன் அண்ணன் எங்கள் விளையாட்டில் யாரையும் சாகவிட்டதில்லை. பூதம் மிதிக்கும், அம்பு தைக்கும், ஆள் மயங்கி விழுவான். ஆனால் மூச்சு மட்டும் மிச்சமிருக்கும்படி அவர் எப்படியோ கதையைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

2012-இல் சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த அறையில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்தோம். அண்ணனுக்குத் திசையன்விளைப் பக்கம். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. பக்கத்து ஊர்க்காரனான சுடலைக்கண்ணு அதே கம்பெனியில் காண்ட்ராக்ட். நான் வேறொரு கம்பெனியில் டிரெய்னி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால் எனக்கு அங்கே ‘டிகிரி’ என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னலூரிலிருந்து பிரவீன் பைக்கில் வந்துவிடுவான்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில விதிப்புத்தகத்தை அண்ணன் ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். அவர் கதை சொல்வார். நாங்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா என்று பார்க்க இருபது முகமுள்ள பகடை வேண்டும். அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. கீழ்க்கடையில் இருபது வாஷர் வாங்கி, நெயில் பாலிஷால் எண் எழுதி, டிபன் டப்பாவில் குலுக்கி ஒன்றை எடுப்போம். எண் பெரிதாக வந்தால் பலிக்கும்.

நான்கு பேரும் சேர்ந்து உட்கார ஷிப்ட் விடாது. அதற்காக அண்ணன் ஒரு விதி வைத்தார். ஷிப்டுக்குப் போனவனின் பாத்திரம் மயக்கத்தில் இருக்கும். மற்றவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். யார் தூக்குவது என்பதை அவரே சொல்வார். அந்தப் பாத்திரத்துக்கு எதுவும் ஆகக் கூடாது.

புத்தகத்தில் இல்லாத விதி அது. முன்பு வேலை பார்த்த இடத்தில், மஞ்சள்காமாலையில் பன்னிரண்டு நாள் படுத்துவிட்டு அவர் திரும்பியபோது கேட்டில் அட்டை வேலை செய்யவில்லை. செக்யூரிட்டியின் பட்டியலில் பெயர் இல்லை. லைனில் அவர் இடத்தில் வேறொருவன் நின்றிருந்தான். இதை ஒரே ஒரு முறைதான் சொன்னார், பருப்பு கழுவிக்கொண்டே.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. சுடலைக்கண்ணு ஓ.டி.க்குப் போயிருந்தான். அவனுடைய பாத்திரமான வேம்பன் எங்கள் கூட்டத்தின் ஒரே வைத்தியன், ஒன்றரை வருடமாக எங்களோடு நடப்பவன். அவன் அன்று என் தோளில். சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது. டப்பாவில் கைவிட்டேன். மூன்று வந்தது.

“கால் நழுவுது. என்ன பண்ணுத?” என்றார் அண்ணன்.

“வேம்பன விட்டுட்டுப் பாறையப் பிடிச்சுக்கறேன்.”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது பொய். அவன் ஷிப்டில் இருக்கிறான், அவனுக்கு எதுவும் ஆக அண்ணன் விடமாட்டார் என்று யோசித்தே விட்டேன்.

“இன்னா டிகிரி, ஆள தண்ணில வுட்டுட்ட?” என்றான் பிரவீன். “மயக்கத்துல கீறான், மூச்சு எப்டி புடிப்பான்?”

அண்ணன் நோட்டைப் புரட்டினார். “தண்ணில முங்குறதுக்கு நான் ஒண்ணும் எழுதலயே” என்றார். மூலப் புத்தகம் ஊரில் இருந்தது. “முழிச்சிருக்கவன் மூச்ச அடக்குவான். மயங்குனவனுக்கு மூணு சுத்துதான் குடுக்கலாம். அதுக்கு மேல…” என்று நிறுத்திக்கொண்டார்.

“ஷிப்டுக்குப் போனவன் சாவ மாட்டான்னு நீதானண்ணா சொன்ன? கரைல ஒதுங்கிட்டான்னு சொல்லிடு” என்றான் பிரவீன்.

“அப்படிச் சொன்னா இனி எல்லாவனும் தூக்குனவனப் போட்டுட்டுப் போவான். எப்படியும் பிழைச்சுக்கிடுவாம்லா.”

சுடலைக்கண்ணுவைக் கேட்க வழியில்லை. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் இருக்கும். “அவன் இல்லாதப்ப நாம முடிவு பண்ணக் கூடாதுடே” என்று அண்ணன் டப்பாவை மூடினார். கதையில் அந்த மூன்று சுற்று அரை நிமிடம்கூட இருக்காது. நாங்கள் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். அண்ணன் அறையைக் கூட்டினார். இரண்டு முறை பஸ் ஸ்டாப் வரை போய் வந்தார். அவனிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு நடுக்கம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

நாலரைக்குக் கம்பெனி பஸ் வந்தது. சுடலைக்கண்ணு ஷூவைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். அவன் சாக்ஸை உருட்டி ஓரமாக வைத்தான்.

“நாஞ் செத்துட்டேன்னே வச்சுக்கிடுங்க. எனக்கு உறக்கம் வருது.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“எலேய், எந்திரி” என்றார் அண்ணன்.

“மயங்கிக் கெடக்கவன் எப்படிண்ணே எந்திரிப்பான்?”

பிரவீன் சிரித்தான். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். “விட்டவன் திரும்பத் தண்ணிக்குள்ள இறங்கலாம். மூணு சுத்து, சுத்துக்கு ஒரு வாஷர். பதினஞ்சோ அதுக்கு மேலயோ வந்தா அவன் கைக்குச் சிக்குவான். மூணும் தப்புனா ரெண்டு பேரும் போயிருவிய. இடையில ஏறிக்கணும்னாலும் ஏறிக்கிடலாம். கட்டாயம் ஒண்ணும் இல்ல.”

“இறங்கறேன்” என்றேன்.

ஒன்பது வந்தது. அடுத்தது நான்கு.

“போதும்டே, மேல ஏறு.” சுவரைப் பார்த்தபடியே சுடலைக்கண்ணு சொன்னான். மயங்கியவன் பேசக் கூடாது என்று அண்ணன் தடுக்கவில்லை.

டப்பாவுக்குள் கையை விட்டேன். வாஷர்கள் வியர்வையில் ஒட்டின. ஒன்றைப் பிரித்து எடுத்தேன். பதினாறு.

அண்ணன் மெதுவாக மூச்சுவிட்டார். “கரைக்கு வந்தாச்சு. மூச்சு இருக்கு. ஆனா வைத்தியம் பாக்குறவனே விழுந்து கெடக்கான். முழிக்க ரெண்டு வாரம் ஆகும். இனி தூக்குறது…” என்று என் பக்கம் பார்த்தவர் நிறுத்திக்கொண்டார். “எலேய் சுடல, நீயே சொல்லு. யார் தூக்கணும்?”

சுடலைக்கண்ணு புரண்டு என்னைப் பார்த்தான். கோபமாகத் தெரியவில்லை.

“பிரவீன் தூக்கட்டும்ணே” என்றான். “டிகிரி பக்கத்துல நடந்து வரட்டும்.”

அண்ணன் இரண்டையும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஷிப்டுக்குக் கிளம்பும் ஒவ்வொருவரிடமும் யார் தூக்க வேண்டும் என்று கேட்டுத்தான் அனுப்பினார். சுடலைக்கண்ணு என் பெயரைச் சொல்ல நவம்பர் ஆனது.