எலும்பு நல்லா இருக்கு என்றார்கள்

"டாக்டரு, இவ நடிக்கிறான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இன்னிக்கே இவ மாமன் வூட்ல கொண்டுபோய் வுட்டுட்றோம்."

ராஜம்மாவின் மாமியார் எடுத்த எடுப்பில் இப்படித்தான் பேசினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் திருத்தணியில் நான் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. அவர்கள் அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். மருமகளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் வலி. தறியில் உட்கார முடியவில்லை. புருஷன் கோவிந்தன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அவளை வளர்த்த ஆர்.கே.பேட்டை மாமனையும் கையோடு கூட்டி வந்திருந்தார்கள், பெண்ணை அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் போக.

மெட்ராஸில் எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு நல்லா இருக்கு. ஒண்ணுமில்ல."

"பாத்தியாடா!" என்றாள் மாமியார் மகனிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சற்று முன்தான் அந்த முதுகில் தைலம் தேய்த்திருந்தேன். கை பட்டாலே துடித்தாள். தோளுக்குக் கீழே பழைய தழும்புகள். "சார், முதுகைப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். "எப்பலேர்ந்தும்மா வலி?"

ராஜம்மா மாமனைப் பார்க்காமல் சொன்னாள். "அம்மா செத்து மாமா வூட்டுக்குப் போனதிலேர்ந்து சார். சின்னப் பிள்ள அப்போ. இருட்டோட எழுந்து ராட்டை முன்னாடி குந்திக்கினு நூல் சுத்தணும். எழுந்தா அடி. ஜுரத்துலயும் சுத்திக்கினே இருப்பேன். தூக்கத்துலயும் அடி வுழும்னு முதுகை இறுக்கிக்கினே படுப்பேன். இப்பவும் அப்படித்தான்."

"எந்த நெசவுக்காரன் வூட்ல பசங்க நூல் சுத்தல? சோறு போட்டு வளத்தேன்" என்றார் மாமன்.

"வளத்தியாய்யா? வளர்ற முதுகை அடிச்சு முறிச்சிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிக்கிறியே!" நான் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் என்னை அடக்கவில்லை. எக்ஸ்ரேயை மேஜையில் வைத்துவிட்டு கோவிந்தனிடம் பேசினார். "படத்துல தெரியலப்பா. அதனால வலி இல்லன்னு ஆயிடாது. இவ நடிக்கல. சின்ன வயசுல அசைய விடாம, பயத்துலயே வளத்த உடம்பு. சரியாக நாளாகும்."

கோவிந்தன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அம்மா, நீ மாமாவோட பஸ்ஸுக்குப் போ. நான் இவள கூட்டிக்கினு வர்றேன்."

அதற்கப்புறம் அவனே அவளைத் தவறாமல் கூட்டி வந்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம், கைகால் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் நடுநடுவே எழுந்து நடந்து, அரை நாள் நெய்ய முடிந்தது. அரை நாளோடு தறியை விட்டு எழுந்தாலும் வீட்டில் அவளை யாரும் திட்டவில்லை.

மாமனைத்தான் அவர் ஊரில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனுஷன் என்ற பேரோடு செத்தார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கே வலிக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். சின்ன வயதில் யார் வீட்டில் இருந்தாய், அங்கே உன்னை எப்படி வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். கேட்காமல் "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.