புகாருக்காகப் பதிந்த பாட்டுகள்

எழுபதுகளின் கடைசியில் நான் சிட்னியில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்த தாதி. காலையில் வீடு வந்து பத்து மணிக்குள் தூங்கிவிட வேண்டும். பதினொரு மணிக்குப் பக்கத்து ஃபிளாட் கிழவர் பாடத் தொடங்குவார்.

அவர் ஆர்மீனியர். பெய்ரூட்டில் சண்டை மூண்டபோது மகளோடு சிட்னிக்கு வந்தவர். மாலையில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை, பகலெல்லாம் பாட்டு. ஒரே வரியைப் பத்துத் தடவை பாடி, எங்கோ பிசகியதுபோல மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். நான் விளக்குமாற்றுக் கட்டையால் சுவரில் இடிப்பேன். அவர் திருப்பி இடிப்பார்.

படிக்கட்டில் என்னைக் கண்டால் மூக்கைப் பொத்துவார். நான் மீன் பொரிக்கும் மணம் அவருக்கு ஆகாது. ஒருநாள் கொடியில் காய்ந்த என் யூனிஃபார்மை நிலத்தில் போட்டுவிட்டுத் தன் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார். நான் அவற்றைச் சேற்றில் போட்டேன்.

"வயசுபோன மனுசனோட ஏனப்பா கொளுவுறீர்?" என்றார் என் கணவர். அவருக்கென்ன, பகலில் வேலைக்குப் போய்விடுவார்.

கட்டட உரிமையாளரிடம் புகார் செய்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாருமே சத்தக்காரர்கள்தான் என்று என்னையும் சேர்த்துச் சொன்னார். அத்தாட்சி கேட்டார். கசெட் ரெக்கோர்டரைச் சுவரோடு ஒட்டி வைத்து மூன்று நாள் பதிந்து கொடுத்தேன். அதைக் கேட்டுவிட்டு, எல்லாம் கசெட்டில் பதிந்திருக்கிறது, இனிப் பாடினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கிழவருக்குக் கடிதம் போட்டார். கசெட்டை எனக்கே திருப்பித் தந்தார்.

பாட்டு நின்றது. நான் நன்றாகத் தூங்கினேன். நாலு மாதம் கழித்துக் கிழவர் மாரடைப்பில் இறந்துபோனார்.

அடுத்த வாரம் மகள் வந்து அந்தக் கசெட்டைக் கேட்டாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றே சொன்னாள். தகப்பன் அநாதை இல்லத்தில் வளர்ந்தவராம். அங்கே சமைத்த பெண்களிடம் அவர்களுடைய கிராமத்துப் பாட்டுகளைக் கற்றிருக்கிறார். துருக்கியர் கொன்றும் துரத்தியும் அந்தக் கிராமங்களில் இப்போது அவர்களின் சனம் யாரும் இல்லை. பெய்ரூட்டில் கலியாண வீடுகளில் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். பதிந்து வைத்திருந்ததெல்லாம் வீட்டோடு எரிந்துபோயிற்று. பகல்களில் அவர் மறந்த வரிகளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ரெக்கோர்டரை வாசலுக்கே கொண்டுவந்து கசெட்டைப் போட்டேன். கிழவரின் குரல், சுவர் இடிபடும் சத்தம், பிறகு தமிழில் என் குரல்.

"இதில் கத்துவது நீங்கள்தானே? என்ன சொல்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மழுப்பலாம் என்று நினைத்தேன். ஆனால் உள்ளதைச் சொன்னேன். "வாயை மூடு, செத்துத் தொலை என்கிறேன்."

"அவர் உங்களைப் பற்றிச் சொன்னதும் இதைவிட நல்லதில்லை," என்றாள். கசெட்டை வாங்கிக்கொண்டு போனாள். நன்றி சொல்லவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை.

அதைப் பிரதி எடுத்துத் தங்கள் மொழி படிப்பிக்கும் சனிக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஓர் ஆர்மீனியப் பெண் பின்னர் சொன்னாள். என் கத்தலை வெட்டினால் பாட்டும் அறுந்துபோகுமாம், அப்படியே விட்டுவிட்டார்கள். அது யார் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டுப் பொல்லாத பெண் என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும்.

மகளைப் பிறகு ஒரே ஒருமுறை பஸ் தரிப்பில் கண்டேன். என்னைக் கண்டதும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.