மணம் வராத அடுக்களை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். புதுக்கடைச் சந்தைக்குச் சைக்கிளில் மீன் கூடை வைத்து மிதித்தவனுக்கு இன்று ஐஸ் கம்பெனி இருக்கிறது, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் இருக்கிறது, நாகர்கோவிலில் லிப்ட் வைத்த கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வீடு இருக்கிறது. யார் தயவிலும் வந்ததல்ல. இதை நான் ஒளித்ததும் இல்லை. நாலு பேர் பார்க்கத்தானே வாங்கினேன்.

காலையில் மீன்காரி கேட்டுக்கு வந்தால் நானே இறங்கிப் போவேன். நெய்மீனோ விளமீனோ, வாலைப் பிடித்துத் தூக்கி வாட்ச்மேனுக்குக் காட்டாமல் லிப்டில் ஏறியதில்லை.

"பாத்தியாடே, செவுளு எப்பிடி இருக்கு?"

"மொதலாளிக்க கண்ணு தப்புமா?" என்பான்.

அந்தச் சொல்லைக் கேட்கவே சில நாள் தேவைக்கு மேல் வாங்கியிருக்கிறேன். என் வீட்டுக்குள் என்ன போகிறது, என்ன வருகிறது என்று கவனிக்க அவனைப் பழக்கியது நான்தான்.

என் மனைவிக்கு மார்பில் இருப்பது கெட்ட கட்டி என்று திருவனந்தபுரத்தில் டாக்டர் சொன்ன அன்று, அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு, "பிள்ளைக்குத் தெரியப்பிடாது" என்றாள்.

எங்கள் ஒரே மகள் மஸ்கட்டில் இருந்தாள். முன்னால் இரண்டு தரம் வயிற்றில் தங்கவில்லை. இந்தத் தரம்தான் ஆறு மாதம் தாண்டியிருந்தது. அசையாமல் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு இப்படி என்று கேட்டால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள்.

"அவ பெத்து எந்திரிக்கது வரைக்கும் ஒரு குஞ்சும் அறியப்பிடாது. எனக்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

செய்தேன். கடற்கரையில் எத்தனை வியாபாரியின் வாயைக் கட்டியவன் நான், இது ஒரு காரியமா என்று நினைத்தேன்.

காரியம்தான். எங்கள் எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற டீச்சர். அவர் மகனும் அதே மஸ்கட்டில்தான். வெள்ளிக்கிழமை சர்ச் பூசையில் என் மருமகனுக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பவன். வாட்ச்மேனுக்குத் தெரிந்தால் டீச்சருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரிந்தால் அடுப்பில் உலை கொதிக்கும் முன்னே மஸ்கட்டுக்குத் தெரியும். எங்கள் பக்கம் வேறொரு முறையும் உண்டு. ஒரு வீட்டில் தீனம், சீக்கு என்று கேட்டால் ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். அந்தப் பை ஒருமுறை லிப்டில் ஏறினால் போதும், கட்டடம் முழுக்கத் தம்பட்டம் அடித்த மாதிரி.

ஊசி போடப் போகும் நாளெல்லாம் தோட்டத்துக்குப் போகிறோம் என்று சொன்னோம். முடி கொட்டத் தொடங்கியபின், மாதாகோயிலுக்குப் போகிறவள் மாதிரி அவள் முக்காடு போட்டுக்கொண்டாள். திரும்பும் வழியில் மார்த்தாண்டத்தில் ஒரு வாழைக்குலை வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்வேன். ஒருநாள் வாட்ச்மேன் அதை இறக்கிவைத்துவிட்டு மோந்து பார்த்தான்.

"இது மட்டி வாழயில்லா. உங்க தோட்டத்துல ரப்பர் மட்டும்தாம்ணு சொன்னியளே மொதலாளி?"

"ஊடால நாலு வாழ வச்சிருக்கேன்டே."

"அக்கா ஏன் எறங்கல்ல?"

முன்சீட்டில் அவள் வாந்தியை அடக்கிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள். "போன்ல பேசிட்டிருக்கா, நீ குலையக் கொண்டு லிப்டுல வையி" என்றேன். அவன் போனான். ஆனால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவளுக்கு மீன் மணமே ஆகாமல் போயிற்று. வாங்குவதை நிறுத்தினால் கேட்டில் கேள்வி வரும். ஆகவே வழக்கம்போல வாங்கினேன், வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன், மேலே கொண்டுபோய்ப் பொதிந்து பிரிட்ஜில் வைத்தேன். கம்பெனிக்குப் போகும்போது பைக்குள் போட்டு வேலைக்காரர்களுக்குக் கொடுத்தேன். இதைவிடக் கெட்டியாக எவனும் செய்யமுடியாது என்று எனக்குள் ஒரு நினைப்பு.

ஒருநாள் லிப்டில் டீச்சர் கூட ஏறினார்.

"நல்ல மீனாத்தான் வாங்குதிய அண்ணாச்சி. மணம் ஒண்ணும் வெளிய வரக் காணல்லியே."

எங்கள் கட்டடத்தில் பதினொரு மணி ஆனால் ஒவ்வொரு கதவிடுக்கிலிருந்தும் மீன்கறி மணம் வரும். எந்த வீட்டில் சாளை, எந்த வீட்டில் அயிலை என்று படியில் நின்றே சொல்லலாம். மீனைச் சுமந்து பிழைத்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"பிரிட்ஜுல வச்சு ராத்திரிக்கு வைப்பா."

"பிரிட்ஜ் மீனா, நீங்களா? ஐஸ் கம்பெனி வச்சிருந்தாலும் ஐஸ் மீன வாயில வைக்கமாட்டேம்ணு கிறிஸ்மசுக்கு மொட்டமாடியில பிரசங்கம் வச்சது நீங்கதான?"

லிப்ட் நின்றது. நான் மீனோடு இறங்கினேன்.

மறுநாள் சாளை வாங்கினேன். பொரித்தால் அதற்கு மேல் மணக்கும் மீன் கிடையாது. அவளை உள் அறையில் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத்துணி அடைத்தேன். வாசல் கதவை ஒரு சாண் திறந்துவைத்தேன். ஆயுசில் அடுப்பைத் தொடாதவன் நான். எண்ணெய் புகைந்தது, மீன் சட்டியில் ஒட்டியது. உள்ளே அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கக் கை போனது. எதிர்க்கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. இன்னும் கொஞ்சம் மணம் போகட்டும் என்று நின்றுவிட்டேன்.

"அண்ணாச்சி, கருகுது" என்றபடி டீச்சர் உள்ளே வந்துவிட்டார்.

அப்போது அறைக்கதவு திறந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். தலையில் துணி இல்லை. முடியும் இல்லை.

டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"டீச்சர், எனக்க மவ அறியப்பிடாது. வயித்துல பிள்ளையாக்கும். உங்க மவன்கிட்ட பறைஞ்சிராதிய." கலெக்டர் முன்னால்கூட நான் கை கட்டியதில்லை. அன்று கையைக் கூப்பியிருந்தேன், சட்டுவத்தோடு.

அவர் அடுப்பை அணைத்தார். "கதவச் சாத்துங்க" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு உறக்கம் ஏது? டீச்சர் மகனோடு போனில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நான் வாசல் கதவில் காதை வைத்து நிற்பேன். எங்கள் மகள் கூப்பிடும்போதெல்லாம் குரலில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கவனிப்பேன். "அம்மைக்கு ஏன் சத்தம் அடச்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். அம்மாவுக்குச் சளி என்றேன்.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே வந்த வாட்ச்மேன் எங்கள் வாசலில் நின்றான்.

"மொதலாளி வீட்டு மீன்கறி மணம் லிப்டு வரைக்கும் வருது. இண்ணைக்குப் புளிமுளமா?"

எங்கள் அடுப்பில் அன்று கஞ்சி மட்டும்தான் இருந்தது. எதிரே பார்த்தேன். டீச்சர் வீட்டு வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. முன்பு அவர் அதை ஒருநாளும் திறந்து போட்டவர் இல்லை. உள்ளே மீன் கொதித்தது. யார் வீட்டு மணம் என்று அந்த வராந்தாவில் நின்று யாராலும் சொல்லமுடியாது.

"ஆமாடே, புளிமுளம்தான்" என்றேன்.

மகளுக்கு ஆண்பிள்ளை. மருமகன் சொல்லி, படமும் அனுப்பினான். தாயும் பிள்ளையும் சுகம். நான் கீழே இறங்கி வாட்ச்மேனிடம் சொன்னேன், கண்டவரிடமெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் மணி அடித்தது. கதவைத் திறந்தால் டீச்சர், கையில் பை நிறைய ஆரஞ்சுப் பழம். மறைக்காமல் லிப்டில் கொண்டுவந்திருக்கிறார். பின்னாலேயே வாட்ச்மேன்.

"யாருக்கு தீனம்ணு கேட்டேன் மொதலாளி, டீச்சர் பறையமாட்டேங்குது."

டீச்சர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மவ பெத்தாச்சே, இனி கேக்கலாமில்லா?"

உள்ளே சோபாவில் இருந்தவள் தலைத்துணியை எடுக்கக் கை நீட்டினாள், பிறகு விட்டுவிட்டாள்.

"மவளுக்கு நானே பறையணும், அவ எந்திரிச்சு நடக்கட்டு" என்றாள். "டீச்சர உள்ள வரச்சொல்லுங்க. பிள்ளைக்க படத்தக் காட்டணும்."

கதவை அகலத் திறந்தேன்.