அக்காவின் பருக்கள்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அக்காவின் முகத்தில் பருக்கள் வந்தன. அன்றோடு எங்கள் நீர்வேலி வீட்டில் என்னைக் கவனிக்க ஒருவருமில்லை.

அம்மா காலையில் எழுந்ததும் அவளுக்காகச் சந்தனம் உரைத்தார். பாலாடை அவள் முகத்துக்குப் போனது. எனக்கு ஆடை நீங்கிய பால். வெயில் படக்கூடாதென்று அவளுக்குத் தோட்டத்து வேலையுமில்லை. ஐயா கிணற்றுத் துலாவில் தண்ணீர் இறைக்க, வாழைகளுக்கு வாய்க்கால் மாற்றிவிடுவது என் தலையில் விழுந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பற்றியே கதைத்தார்கள். என் முகத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அக்கா எப்போதும் யன்னலுக்கு முதுகு காட்டியே இருப்பாள். காற்று வரும் இடத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டாள் என்று எனக்கு எரிச்சல்.

வருஷப் பிறப்புக்குக் கோப்பாயிலிருந்து மாமியும் மச்சானும் மாட்டுவண்டியில் வந்தார்கள். மச்சான் அக்காவுக்கென்று பேசி வைத்திருந்தவர். அவளோ அறையை விட்டு வரமாட்டேன் என்றாள். அம்மா கெஞ்சிக் கூத்தாடி, பவுடர் பூசி, கோப்பித் தட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். என்னை ஒருவரும் எதற்கும் கெஞ்சியதில்லை.

நான் சாமியறைக்குள் நுழைந்தேன். குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, ஈர்க்கால் தொட்டு, நெற்றி, கன்னம், நாடியெல்லாம் புள்ளி வைத்தேன். அக்காவுக்கு இருந்ததைவிட நாலைந்து கூடவே வைத்தேன். பிறகு விறாந்தைக்கு வந்து அவள் பக்கத்தில் நின்றேன்.

மச்சான்தான் முதலில் சிரித்தார். "இஞ்சை பாருங்கோ அம்மா, சின்னவளுக்கும் வந்திட்டுது!"

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா தட்டத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்களின் வண்டி படலையைத் தாண்டியதும் அம்மா பூவரசங் கம்பை முறித்தார்.

"அக்காவுக்குப் பழிப்புக் காட்டுறியோ?"

இரண்டாவது அடி விழுமுன் அக்கா ஓடிவந்து கம்பைப் பிடித்தாள்.

"அடியாதேங்கோ அம்மா. அவள் இருக்கிறதைத்தானே காட்டினவள்."

அவள் என் பக்கம் பேசுகிறாள் என்றே நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில், கிணற்றடிக்கு என்னைக் கூட்டிப் போனவளிடம் கேட்டேன்:

"என்ரை வடிவாய் இருந்ததோ அக்கா?"

அவள் தண்ணீர் அள்ளி என் முகத்தைக் கழுவினாள். குங்குமம் முழுவதும் போன பின்னும் நெடுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கன்னம் நோகிறதே என்று மட்டும்தான் நான் நினைத்தேன்.