டியூன்-அப் செய்த காரைத் தள்ளிய கதை

போன வாரம் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் தினமும் காலையில் ஒரு கார் ஸ்டார்ட் ஆனது. என்னுடையதுதான். எங்கே போனேன் என்கிறீர்களா? எங்கேயும் இல்லை. ஷெட்டிலேயே கொஞ்ச நேரம் உறும வைத்துவிட்டு ஆஃப் செய்துவிடுவேன்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டுக்கு ரோடு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ஆனால் சும்மா நிற்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கிவிடுமே! பழைய கார் வைத்திருப்பவனுக்கு நாட்டில் என்ன நடந்தாலும் முதல் கவலை பேட்டரிதான்.

பல கை மாறி என்னிடம் வந்த கார் இது. ஆனாலும் டியூன்-அப் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, கார்புரேட்டரைத் துடைத்து, ஆயில் மாற்றி... மெக்கானிக் காதர் பாய்க்கே சலித்துவிட்டது. "நல்லாத்தானே சார் ஓடிக்கினு கீது? அதப் போயி இன்னாத்துக்கு நோண்டிக்கினே கீறீங்க?" என்பார். வெள்ளிமலை ஏற்றத்தில்கூட மூச்சு வாங்காத வண்டி. இதுவரை ஒருவரும் கை வைத்துத் தள்ளியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வீட்டம்மாவின் கருத்து வேறு. "ஒர்க்‌ஷாப்பைத் தவிர அது வேற எங்கயாவது போயிருக்கா?"

வியாழக்கிழமை எதிர் வீட்டு சூசை வந்தார். அவர் மகள் மேரிக்குக் களமருதூரில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த பெண். வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"தெனம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்திடறீங்க. நாளிக்கு ஒரு நாளு நிறுத்தாம அப்டியே கெளம்பினா இன்னாங்க சார்?"

நியாயமான கேள்வி. எனக்கோ முன்பக்கக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. ஒரு கல் விழுந்தால்? அந்த மாடல் கண்ணாடிக்கு எங்கே போவேன்? "அடுத்த டியூன்-அப் நெருங்குது..." என்றுகூட இழுத்துப் பார்த்தேன். வீட்டம்மா சாவியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

வண்டியைக் கண்டிஷனில் வைத்திருப்பது எதற்கு? அவசரத்துக்கு என்போம். அவசரம் வாசலில் வந்து நின்றால், ஐயோ வண்டிக்கு ஏதாவது ஆகிவிடுமே என்போம். புதுப் பாத்திரத்தை அலமாரியில் பூட்டிவிட்டு நசுங்கின தட்டில் சாப்பிடுகிற ரகம்தானே நாம்?

மறுநாள் அப்பாவும் மகளும் பின்சீட்டில். தியாகதுருகம் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே மரம். மரத்தின் மேல் வரிசையாக ஆட்கள். மீசைக்காரர் ஒருவர் வந்து பானெட்டில் கை வைத்தார்.

"ஊரே நின்னுகினு கீது. நீங்க மட்டும் எங்க சார் போறீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் மேரி இறங்கிவிட்டாள். "வேலைக்குச் சேரப் போறேங்கண்ணா. இன்னிக்கு விட்டா போச்சு." சொல்லிவிட்டு அவள் இடத்தைவிட்டு நகரவில்லை.

மரத்தின் மேல் சலசலப்பு. "நாம உக்காந்துக்கினு கீறதே வேலைக்குத்தான். வேலை கெடச்ச பொண்ண நிறுத்தினா எப்டிப்பா?" என்றார் ஒருவர். "அதுக்காக? ரோட்ல வண்டி ஓடக்கூடாதுன்னு பேசியாச்சே!" என்றார் இன்னொருவர். கூடிப் பேசினார்கள். மீசைக்காரர் தீர்ப்போடு வந்தார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்க சார். வண்டி ஓட வேணாம். நாங்க தள்ளிட்றோம்."

தள்ளினார்கள்! நாலா பக்கமும் கை வைத்து, பக்கத்திலிருந்த தரிசுக் கரம்பில் இறக்கி, மரத்தைச் சுற்றி, மறுபடி ரோட்டில் ஏற்றினார்கள். நான் பொம்மை மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வழியாக வந்த சைக்கிள்காரர் ஒருவர் ஜன்னலில் குனிந்து, ரொம்ப அனுதாபத்தோடு சொன்னார்: "பழைய வண்டிங்க சார்... அப்பப்ப டியூன்-அப் பண்ணிக்கணும்."

சரி என்று தலையை ஆட்டிவைத்தேன்.

அதற்கப்புறம் வேறு மரம் இல்லை, ரோடு காலி. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த மேரி, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இதற்குப் போய் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அவர்கள் அங்கேயே உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட, நான் மட்டும் திரும்பினேன்.

அதே மரம், அதே ஆட்கள். நானாகவே மரியாதையாக இன்ஜினை ஆஃப் செய்துவிட்டுக் காத்திருந்தேன்.

"பொண்ணு சேந்துச்சா சார்?"

"சேர்ந்துடுச்சுங்க."

எல்லார் முகத்திலும் சந்தோஷம். ஆனால் ஒருவரும் மரத்தைவிட்டு இறங்கவில்லை.

"போறப்ப ஒரு வேலை இருந்துச்சு, தள்ளினோம். இப்ப இன்னாங்க?"

"வீட்டுக்குப் போகணும்..."

"நாங்களே வூட்டுக்குப் போவலியே சார்!"

டீ வாங்கிக் கொடுத்து, சைக்கிள் கேரியரில் ஏற்றி என்னை ஊருக்கு அனுப்பினார்கள். காரை மட்டும் அந்தக் கரம்பு வழிக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னார்கள். அந்த இடைவெளியை அடைக்க இன்னொரு மரம் வெட்ட வேண்டாமாம்.

மேரி வேலையில் சேர்ந்துவிட்டாள். என் கார் மறியலில் சேர்ந்துவிட்டது — நல்ல கண்டிஷனில்!